300 ஆண்டு ஓலையில் 2000 ஆண்டுப் பாட்டு வந்த வழி

கேள்வி இது: "பேரிலக்கியம் காலத்தை வென்று நிற்கும் என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். பனையோலையோ சில நூறு ஆண்டுகளில் மக்கிப்போகும். அப்படியானால் சங்கப் பாட்டு நம் கைக்கு எப்படி வந்தது? தரமான நூல் தானாகவே தங்கிவிடுமா?"

தானாகத் தங்கிய நூல் ஒன்றுகூட இல்லை. நம் சுவடி நூலகங்களில் இன்று இருக்கும் தமிழ் ஏடுகளில் பெரும்பாலானவை கடந்த 300, 400 ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டவை. நம் வெயிலும் மழைக்கால ஈரமும் மாறி மாறித் தாக்கும் வீட்டில் ஒரு ஏடு 200 ஆண்டு தாக்குப்பிடித்தாலே பெரிது. அந்தக் கணக்கில் பார்த்தால், புறநானூற்றுப் பாட்டு ஒன்று நம்மிடம் வந்து சேர ஏறத்தாழ பத்துத் தடவையாவது யாரோ ஒருவர் உட்கார்ந்து, பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதியிருக்க வேண்டும். பத்தில் ஒரு தலைமுறை "இதை எதற்கு எழுத வேண்டும்?" என்று விட்டிருந்தாலும் சங்கிலி அங்கேயே அறுந்திருக்கும். ஆகவே கேள்வியை இப்படித் திருப்பிப் போட வேண்டும்: ஒவ்வொரு தடவையும் அந்த ஆளை எழுத உட்கார வைத்தது எது?

அதற்கு முன் அந்த வேலை எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டும். ஏடு செய்யக் குருத்தோலையும் ஆகாது, முற்றிய ஓலையும் ஆகாது. இடைப்பட்ட பதத்தில் வெட்ட வேண்டும். ஈர்க்கை நீக்கி, ஒரே அளவாக நறுக்கி, நிழலில் உலர்த்தி, வெந்நீரில் வேகவைப்பார்கள். அப்போது ஓலையின் விறைப்பு தளரும். பூச்சிக்குப் பிடித்த சத்தும் ஓரளவு கழியும். மறுபடி உலர்த்திச் சங்காலோ வழவழப்பான கல்லாலோ தேய்த்தால் எழுதும் பக்கம் கிடைக்கும். பனையோலை என்றால் அகலம் மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான். அதில் ஐந்து முதல் பத்து வரி வரை எழுதுவார்கள். தாளிப்பனை ஓலை இன்னும் அகலம், மெல்லியது, வளைந்து கொடுக்கும். ஆனால் தமிழ்நாட்டில் எங்கும் கிடைத்தது சாதாரணப் பனைதான். ஏட்டில் இரண்டு துளை இருக்கும். ஒன்றில் நாராசம் என்னும் குச்சியைச் செருகுவார்கள், மற்றதில் கயிறு. கயிறு உருவிக்கொள்ளாமல் இருக்க, ஈர்க்கோடு சேர்ந்த ஓலைத் துண்டைக் கிளிமூக்குப் போல நறுக்கி அதன் முனையில் முடிவார்கள். மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினால் சுவடி ஆயிற்று.

எழுதுகிறவர் ஏட்டை இடக்கையில் பிடித்து, இடது கட்டைவிரல் நகத்தில் எழுத்தாணியைத் தாங்கி எழுதுவார். அதற்காகவே அந்த நகத்தை வளர்த்து, எழுத்தாணி பதியும்படி சிறு பள்ளம் வெட்டிக்கொள்வது வழக்கம். எழுதும்போது மை எதுவும் கிடையாது, வெறும் கீறல். ஊமத்தையிலைச் சாறு, மஞ்சள், கரி முதலியவற்றைக் கலந்து பிறகு மேலே தடவித் துடைத்தால் கரி கீறலுக்குள் மட்டும் தங்கும், எழுத்து கறுப்பாகத் தெரியும். தப்பாக எழுதியதை அழிக்க வழியில்லை. அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதலாம், அவ்வளவுதான்.

இந்த எழுத்து முறையில்தான் ஆபத்து இருக்கிறது. ஓலை கிழியும் என்று புள்ளி வைக்கமாட்டார்கள். எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் ஏட்டில் தெரியாது. இன்று நாம் போடும் இரட்டைச் சுழிக் கொம்பு வீரமாமுனிவர் காலத்துச் சீர்திருத்தம். துணைக்காலும் (ா) ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது; பாட்டை அடி அடியாக மடக்கி எழுதும் வழக்கமும் கிடையாது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு குறளை ஏட்டு வழக்கில் எழுதினால் இப்படி வரும்: கறககசடறககறபவைகறறபினநிறகஅதறகுததக. மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு என்பதால் நாம் படித்துவிடுகிறோம். தெரியாத பாட்டில் "கரகம" என்று இருந்தால் அது நீர்க் கரகமா, காகமா? "செறு" என்று இருந்தால் வயலா, வயலில் உள்ள சேறா? "எரி" என்றால் தீயா, ஏரியா? மூன்றிலும் இரண்டு பொருளும் அதே பாட்டில் பொருந்திவிடலாம் என்பதுதான் தொல்லை.

பொருள் தெரியாமல் கூலிக்கு எழுதுகிறவர் ஒரு வகையில் கெடுப்பார். பொருள் தெரிந்தவர் இன்னொரு வகையில் கெடுப்பார். முதலாமவர் எழுத்தை விடுவார், ஒரே சொல் இரண்டு தடவை வரும் இடத்தில் முதல் சொல்லிலிருந்து இரண்டாம் சொல்லுக்குக் கண் தாவி நடுவில் உள்ள இரண்டு அடியை அப்படியே விட்டுவிடுவார். இவர் செய்யும் பிழையைக் கண்டுபிடிப்பது எளிது, பாட்டு அங்கே உடைந்து கிடக்கும். புலமை உள்ளவர் செய்வதுதான் பெரிய கேடு. புரியாத பழஞ்சொல்லை "முன்னால் எழுதியவன் பிழை" என்று எண்ணித் தமக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிவிடுவார். பாட்டு ஒழுங்காக ஓடும், பொருளும் வரும், பழஞ்சொல் மட்டும் போய்விட்டிருக்கும். "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்" என்ற பழமொழி சும்மா வரவில்லை. நூறு அடிக்கு ஒரு பிழை என்று வைத்துக்கொண்டால்கூட, பத்துப் படி தாண்டும்போது பத்தடிக்கு ஒரு பிழை சேர்ந்திருக்கும். அப்படியிருந்தும் சங்கப் பாட்டுகள் படிக்கும்படியாக வந்திருக்கின்றன என்றால், அவற்றுக்குள்ளேயே ஒரு காவல் இருந்தது என்று பொருள்.

அந்தக் காவலின் பெயர் யாப்பு. எதுகை, மோனை, தளை எல்லாம் காதுக்கு இனிமை சேர்க்க வந்தவை என்றே பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். சுவடி படிக்கிறவருக்கு அவை பிழை காட்டும் கருவிகள். மேலே சொன்ன குறளில் "கற்க" என்பதற்கு எதுகையாக அடுத்த அடியில் "நிற்க" வருகிறது. ஒருவர் இரண்டாவதை "நில்க" என்று எழுதிவிட்டால் எதுகை உடைந்து அந்த இடம் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். வெண்பாவில் ஓரசை கூடினாலோ குறைந்தாலோ தளை தட்டும். இங்கே ஏதோ போயிற்று என்று ஏட்டைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். ஆசிரியப்பா இவ்வளவு கண்டிப்பு இல்லாதது. அதனால்தான் சங்கத் தொகைகளில் பாடபேதம், அதாவது ஏட்டுக்கு ஏடு சொல் மாறுவது, அதிகம்; குறளில் குறைவு. குறளை மனப்பாடம் செய்தவர்கள் எண்ணிக்கையும் இதற்கு ஒரு காரணம்.

அந்தாதி இன்னும் கெட்டியான பூட்டு. அபிராமி அந்தாதியின் முதல் பாட்டு "உதிக்கின்ற" என்று தொடங்கி "விழுத்துணையே" என்று முடியும். இரண்டாம் பாட்டு "துணையும்" என்று தொடங்கும். நூறாம் பாட்டு "உதிக்கின்றவே" என்று முடிந்து முதல் பாட்டின் வாயிலில் கொண்டுவந்து விடும். நடுவில் ஓர் ஏடு போனால் போனது எந்த இடம் என்று தெரியும். விடுபட்ட தொகுதி எந்தச் சொல்லில் தொடங்கி எந்தச் சொல்லில் முடிந்திருக்கும் என்றும் தெரியும். கட்டு அவிழ்ந்து ஏடுகள் கலைந்துபோனாலும் எண்ணைப் பார்க்காமலே வரிசைப்படுத்திவிடலாம். இதை எண்ணித்தான் செய்தார்களா என்ற கேள்வி எழலாம். மனப்பாடத்துக்காகச் செய்த ஏற்பாடு, சுவடிக்கும் காவலாயிற்று என்று கொள்வதே பொருத்தம்.

எண்ணைப் பாட்டுக்குள்ளேயே வைப்பது மூன்றாவது காவல். நாதமுனிகள் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த வரலாற்றை வைணவ மரபு இப்படிச் சொல்கிறது: "ஆராவமுதே" என்ற பதிகத்தைச் சிலர் பாடக் கேட்டார். அதன் கடைசிப் பாட்டில் "ஓராயிரத்துள் இப்பத்தும்" என்று வருகிறது. பத்து இருக்கிறது, மீதி 990 எங்கே என்று தேடிப் புறப்பட்டார். மரபுக் கதை என்றாலும் அதில் உள்ள தருக்கம் உறுதியானது. நூலின் அளவை நூலே சொல்லிக்கொண்டிருந்தால்தான் தொலைந்தது தெரியவரும். அகநானூறு, புறநானூறு, ஐங்குறுநூறு என்று எண்ணைப் பெயரிலேயே வைத்தது இந்த வகையில் பெரிய உதவி. புறநானூற்றில் 267, 268 ஆகிய இரு பாட்டுகள் இல்லை. நற்றிணையில் 234 இல்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை என்று இன்று நம்மால் துல்லியமாகச் சொல்ல முடிகிறது. அடி அளவும் இப்படித்தான். குறுந்தொகை 4 முதல் 8 அடி, நற்றிணை 9 முதல் 12, அகநானூறு 13 முதல் 31 என்று தொகுத்தவர்கள் வரம்பு கட்டினார்கள். குறுந்தொகையில் 307ஆம் பாட்டும் 391ஆம் பாட்டும் ஒன்பது அடியாக இருப்பதைக் கண்டால் அங்கே நின்று யோசிக்க வேண்டும் என்று அந்த வரம்பே சொல்லிவிடுகிறது.

இவ்வளவு காவல் இருந்தும் போனவை ஏராளம். போன விதத்தைப் பார்த்தால்தான் முதல் கேள்விக்கு விடை கிடைக்கும். பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் இல்லை. நடுவில் எட்டுப் பத்து இருக்கிறது. சுவடிக் கட்டின் மேல் ஏடும் அடி ஏடும்தான் முதலில் தேயும், ஒடியும், கறையானுக்கு இரையாகும். சட்டம் இல்லாமல் கிடந்த கட்டு ஒன்றிலிருந்தே பின்வந்த பிரதிகளெல்லாம் பெருகின என்று எண்ண இந்த இழப்பு இடம் தருகிறது. எல்லாப் பிரதிகளிலும் ஒரே இடத்தில் பள்ளம் இருந்தால், அவை அத்தனையும் அந்தப் பள்ளம் விழுந்த ஒற்றை ஏட்டின் பிள்ளைகள். ஒரு காலத்தில் அந்த நூலுக்கு உலகத்தில் ஒரே பிரதிதான் மிஞ்சியிருந்தது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். நெஞ்சை உலுக்கும் செய்தி இது. பரிபாடலில் 70 பாட்டு இருந்ததாகப் பழைய வெண்பா கணக்குச் சொல்கிறது: திருமாலுக்கு 8, முருகனுக்கு 31, காடுகாள் என்னும் கொற்றவைக்கு 1, வையைக்கு 26, மதுரைக்கு 4. முழுமையாகக் கிடைத்தவை 22.

இவற்றைக் கறையான் தின்றது, வெள்ளம் கொண்டுபோயிற்று என்று சொல்லிப் பழகிவிட்டோம். கறையான் எல்லா ஏட்டையும்தான் தின்றது. திருக்குறள் ஏட்டையும் தின்றது. வேறுபாடு என்னவென்றால், குறள் ஏடு ஒன்று போனால் பக்கத்து ஊர்த் திண்ணைப் பள்ளியில் வேறொன்று இருந்தது. பிள்ளைகள் படித்தார்கள், ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்தார்கள், எழுத்து பழகுவதற்கே அதை எழுதினார்கள். குறளும் நாலடியாரும் 1812இல் சென்னையில் அச்சாகிவிட்டன. புறநானூறு அச்சேற 1894 ஆயிற்று. நடுவில் உள்ள 82 ஆண்டு இரண்டு நூல்களின் தரத்துக்கு இடையே உள்ள தொலைவு இல்லை. புழக்கத்துக்கு இடையே உள்ள தொலைவு. இரண்டும் ஒரே மொழியின் உச்சங்கள். ஒன்று பாடத்திட்டத்தில் இருந்தது, மற்றது இல்லை.

19ஆம் நூற்றாண்டின் தமிழ்ப் படிப்பு அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, உலா, தலபுராணம் என்று போய்க்கொண்டிருந்தது. உ.வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர். அதைவிட உயர்ந்த படிப்பு அன்று கிடையாது. அவர் 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தபோது, தாம் படித்த சிறுநூல்களை அடுக்கிச் சொன்னார். முதலியார் மகிழவில்லை. சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார். அந்த மூன்றும் அதுவரை சாமிநாதையர் படிப்பில் வரவில்லை. தமிழின் மிகச் சிறந்த மாணவருக்கே இந்த நிலை என்றால், அந்த நூல்கள் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தன என்றே பொருள்.

சீவக சிந்தாமணி ஏடு கைக்கு வந்தது. 3,000க்கு மேற்பட்ட பாட்டு, நச்சினார்க்கினியர் உரையோடு. ஆனால் சமணக் கொள்கைகளும் பரிபாஷைகளும் (கலைச்சொற்களும்) விளங்கவில்லை. தேடியபோது, கும்பகோணத்திலேயே சமணர் வீட்டில் சிந்தாமணியைப் படித்து முடித்த விழா நடப்பது தெரிந்தது. அங்கே சந்திரநாத செட்டியார் முதலியவர்கள் இவருடைய ஐயங்களைத் தீர்த்தார்கள். கவனியுங்கள்: பெரும்புலவர்கள் மறந்துவிட்ட காவியத்தை ஒரு சிறு சமூகம் தன் நோன்பாக விடாமல் படித்துக்கொண்டிருந்தது. 1887இல் சிந்தாமணி அச்சாகி வந்ததில் அந்த வாசகர்களுக்கும் சம பங்கு உண்டு. மணிமேகலைக்கு இந்த உதவி கிடைக்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளத் தமிழ்நாட்டில் பௌத்தர் இல்லை. மளூர் ரங்காசாரியார் பௌத்த நூல்களைப் படித்து விளக்கிச் சொல்ல, அதைக் கொண்டு பொருள் கண்டு 1898இல்தான் பதிப்பிக்க முடிந்தது.

குண்டலகேசியின் கதி இதற்கு அடுத்த படி. அதுவும் பௌத்த காவியம். ஓதுவதற்கு ஆள் போனதும் படியெடுக்கவும் ஆள் இல்லை. இன்று கிடைப்பது சில பாட்டுகளே. அவையும் பிற நூல்களின் உரைகளிலும் புறத்திரட்டு என்ற தொகைநூலிலும் மேற்கோளாக வந்ததால் பிழைத்தவை. குண்டலகேசியை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசி முழுதாக இருக்கிறது. அதற்கு வாமன முனிவர் எழுதிய உரை எதிர் நூலின் பாட்டுகளைக் குறிப்பதால்தான் குண்டலகேசியில் என்ன வாதம் இருந்தது என்றே ஓரளவு தெரிகிறது. நண்பர் இல்லாத நூலை எதிரி காப்பாற்றியிருக்கிறார். வளையாபதிக்கு அப்படி ஓர் எதிரிகூட வாய்க்கவில்லை.

உரையாசிரியர்களை இந்த இடத்தில் மனம் நிறைந்து நினைக்க வேண்டும். உரை என்றதும் கடினச் சொல்லுக்குப் பொருள் சொல்வது என்று மட்டும் எடுத்துக்கொள்கிறோம். நச்சினார்க்கினியரும் அடியார்க்குநல்லாரும் ஒவ்வொரு விளக்கத்துக்கும் பழம்பாட்டை மேற்கோள் காட்டினார்கள். அந்த மேற்கோள் ஒவ்வொன்றும் வேறொரு கட்டில் பாதுகாப்பாக வைக்கப்பட்ட நகல். மூல ஏடு சிதைந்திருந்தால் உரையில் உள்ள மேற்கோளைக் கொண்டு சரிபார்க்கலாம். ஒரு சங்கடம்: நச்சினார்க்கினியர் பல இடங்களில் நூற்பெயர் சொல்லாமல் "என்றார் பிறரும்" என்று மட்டும் எழுதிவிடுவார். சிந்தாமணி உரையில் இப்படி வந்த வரிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தெரியாமல் சாமிநாதையர் தவித்தார். பிறகு திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளில் எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் கிடைத்துப் படித்தபோது, அந்த "பிறர்" யார் என்பது வரிக்கு வரி புலப்பட்டது. ஒரு நூலின் உரை, மறந்துபோன ஒரு நூலகத்துக்கே வழிகாட்டியாயிற்று.

பதிப்பு வேலை நடக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நூலுக்கு எத்தனை ஏடு கிடைத்தாலும் திரட்ட வேண்டும். எண்ணிக்கையைவிட வெவ்வேறு வட்டாரத்து ஏடுகளாக இருப்பது முக்கியம். தஞ்சை வட்டாரத்தில் ஐந்து ஏடு கிடைத்து ஐந்தும் ஒரே தாய் ஏட்டிலிருந்து வந்திருந்தால் அது ஒரு சாட்சிதான். திருநெல்வேலியிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்த ஓர் ஏடு அந்த ஐந்தையும்விடப் பெறுமதி. ஒருவர் ஒரு பிரதியை உரக்கப் படிக்க, மற்றவர்கள் தங்கள் பிரதியைப் பார்த்து வேறுபாட்டைச் சொல்ல, ஒருவர் குறிக்க வேண்டும். பிறகு யாப்பு, எதுகை, உரை, மேற்கோள், பிற நூல் வழக்கு என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, எந்த ஏட்டின் வாசகம் சரியான பாடம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். எளிய பாடமும் அரிய பாடமும் எதிர்நின்றால் அரியதையே பெரும்பாலும் கொள்ள வேண்டும். அரிய சொல்லை எளிதாக்குகிறவர் உண்டு, எளிய சொல்லை வேண்டுமென்று அரிதாக்குகிறவர் அபூர்வம். தள்ளிய பாடத்தையும் அடிக்குறிப்பில் கொடுத்தாக வேண்டும். எழுத்து சிதைந்த இடத்தில் புள்ளி மட்டும் இட வேண்டும். புறநானூற்றின் பிற்பகுதியில் புள்ளிக்கோடுகள் நிறைய வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெற்றிடத்தை ஒரு புலவர் அழகாக நிரப்பியிருக்க முடியும். நிரப்பாமல் விட்டதுதான் பதிப்பாசிரியரின் நேர்மை. அதனால்தான் மற்ற வரிகளை நம்ப முடிகிறது.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கும் பகுதி எல்லோருக்கும் தெரியும். சாமிநாதையரிடம் இருந்த பிரதிகளில் அந்தப் பட்டியலில் சில அடிகள் விட்டுப்போயிருந்தன. பூப்பெயர் அடுக்கு என்பது படியெடுப்பவர் கண் தாவுவதற்கு ஏற்ற இடம். வினை கிடையாது, கதை கிடையாது, ஒரு வரி போனாலும் பொருள் தடைப்படாது. தருமபுரம் ஆதீனத்தில் கிடைத்த ஏட்டில் விடுபட்டவை கிடைத்தன. அங்கே பழுதுபட்ட ஏடுகளை ஆடிப்பெருக்கில் காவிரியில் விட எடுத்து வைத்திருந்தார்கள். கரிவலம்வந்தநல்லூரிலோ நேரம் கடந்துவிட்டது. பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். இரண்டு ஊரிலும் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. பழுதான ஏட்டைப் புதிதாகப் படியெடுத்துவிட்டுப் பழையதை ஆற்றிலோ தீயிலோ சேர்ப்பது ஒழுங்கான பழைய வழக்கம். படியெடுப்பது நின்றுபோய், ஆற்றில் விடுவது மட்டும் தொடர்ந்ததுதான் கேடாக முடிந்தது.

சாமிநாதையர் தனியாக நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். ஏட்டை எடுத்தால் ஓரம் உதிர்வதையும், புரட்டினால் துண்டாகிப் பறப்பதையும் அவர் தம் பதிப்புரையில் எழுதியிருக்கிறார். பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் நற்றிணைக்கு உரை எழுதி அதைக் கொண்டுவந்தார்.

அச்சு வந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ணக்கூடாது. 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் மரக்கூழ்த் தாள் பரவியது. அதில் உள்ள அமிலம் தாளை உள்ளிருந்தே எரிக்கும். அந்தக் காலத்து நூலை இன்று திறந்தால் பழுப்பேறி மடிப்பில் அப்பளம் போல ஒடியும். நல்ல ஓலை அதைவிட நீண்டு வாழும். ஒரே இடத்தில் குவித்து வைப்பதிலும் ஆபத்து இருக்கிறது. 1981 ஜூன் முதல் நாளையொட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவற்றோடு ஓலைச்சுவடிகளும் போயின. அச்சு நூலில் பலவற்றுக்கு வேறு ஊரில் பிரதி உண்டு. சுவடிக்கு அப்படிச் சொல்ல முடியாது.

கணினிக்கு வந்த பிறகும் கதை மாறவில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்தார்கள். முதலில் அவை பழைய குறியாக்கங்களில் இருந்தன. பிறகு ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்ற வேண்டியிருந்தது. அந்த நாளில் தனித்தனி எழுத்துருவில் தட்டச்சான எத்தனையோ கோப்புகளை இன்று திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். கோப்பு இருக்கிறது, எழுத்து இல்லை. புள்ளியில்லாத ஏட்டைப் படிக்க ஆளில்லாமல் போனதும் இதுவும் ஒரே நோய். மருந்தும் அதேதான்: படிக்க ஆள் இருக்கும்போதே அடுத்த எழுத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணிலோ சாமி அறையிலோ ஓலைக்கட்டு இருந்தால் செய்ய வேண்டியதும் கூடாததும் இவை. உடனே கட்டை அவிழ்க்காதீர்கள். கயிறு இற்றுப்போயிருந்தால் ஏடுகளின் வரிசை கலையும். முதலில் கட்டோடு நான்கு பக்கமும் படம் எடுங்கள். ஒட்டிக்கொண்ட ஏடுகளைக் கத்தியால் பிரிக்காதீர்கள். அதைச் சுவடி பாதுகாப்பில் பயிற்சி உள்ளவரிடம் விடுங்கள். வெயிலில் காயவைத்தால் வளைந்து வெடிக்கும். ஒட்டுநாடா, லேமினேஷன், தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். பஞ்சாலோ மென்மையான தூரிகையாலோ தூசியை ஏட்டின் நீளவாக்கில் தட்டுங்கள். குறுக்கே தேய்த்தால் ஓரம் சிதறும். எலுமிச்சைப்புல் தைலம் சிறிது பஞ்சில் தொட்டுப் பூசுவது நூலகங்களின் வழக்கம். அது ஓலைக்கு இளக்கம் தந்து பூச்சியையும் விலக்கும். ஆனால் எழுத்தில் மை தடவாத ஏடா, மை உதிர்கிற ஏடா என்று பார்த்த பிறகே செய்ய வேண்டும். பருத்தித் துணியில் சுற்றி, வசம்பு போட்டு, காற்றோட்டமான பெட்டியில் வையுங்கள். பாலிதீன் பை ஈரத்தை உள்ளே அடைத்துப் பூஞ்சையை வளர்க்கும்.

படம் எடுக்கும்போது ஒவ்வொரு ஏட்டையும் இரு பக்கமும், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து எடுங்கள். மை இல்லாத கீறல் எழுத்து நேர் வெளிச்சத்தில் தெரியாது. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்தால் கீறலின் நிழலில் எழுத்து எழும்பி வரும். இடப்பக்க ஓரத்தில் தமிழ் எண்ணில் ஏட்டெண் இருக்கும். அது படத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். கட்டைக் கொடுத்துவிட மனமில்லை என்றால் படங்களை மட்டுமாவது ஒரு நூலகத்துக்குக் கொடுங்கள். சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், உ.வே.சா. நூலகம், தஞ்சை சரசுவதி மகால் போன்றவை இதற்கான இடங்கள். "வெறும் கணக்கு ஏடுதான், மருந்துக் குறிப்புதான்" என்று நீங்களே தள்ளிவிடாதீர்கள். ஒரு கட்டுக்குள் மூன்று, நான்கு நூல் கலந்து கிடப்பது சாதாரணம்.

நூல் இன்னதென்று தெரிய முதல் ஏட்டைவிடக் கடைசி ஏடு உதவும். தொடக்கத்தில் "நன்றாக", "குரு வாழ்க, குருவே துணை" என்ற வழக்கமான வாழ்த்துதான் இருக்கும். முடிவில்தான் எழுதியவர் பெயர், ஊர், ஆண்டு, மாதம், கிழமை எல்லாம் வரும். சிலர் பிழை பொறுக்கும்படியும் கேட்டிருப்பார்கள். ஆண்டு பிரபவ, விபவ என்ற வரிசையில் இருந்தால் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் வரும் என்பதால் காலம் உறுதியாகாது. தென்மாவட்டத்து ஏடுகளில் கொல்லம் ஆண்டு கொடுத்திருந்தால் நல்லது. அதோடு 825ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு கிடைக்கும். இன்னாருடைய ஏட்டைப் பார்த்து எழுதியது என்று ஒரு வரி அங்கே இருந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இருக்கும் கட்டுக்கு முந்திய கட்டு எந்த ஊரில் யாரிடம் இருந்தது என்பதற்கு அதுவே முகவரி.